சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ

பகல் பதினொன்று ஐம்பதுக்கு அழித்தேன். 1,146 படங்கள். மாப்பிள்ளை பெயர் பூமிநாதன்.

உட்காருங்கள் தம்பி. கம்ப்யூட்டர் வாங்க வந்தவரிடம் இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நான் சொல்லாவிட்டால் அறந்தாங்கியில் வேறு யாராவது வேறு மாதிரி சொல்வார்கள். பேராவூரணியில் புதிதாக ஸ்டுடியோ போடுகிறேன் என்கிறீர்கள், நல்லது. இந்தத் தொழிலில் எது நம் கையில் இருக்கிறது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ஸ்விட்ச் போட்டிருக்கிறேன், பெட்டி திறக்க நாலு நிமிடம் ஆகும். அதுவரை கேளுங்கள்.

2010 ஜூன் மாதம், ஒன்பதாம் தேதி, புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும், இரண்டுக்குத்தான் வரும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அழித்தேன். அவசரப்பட்டு அழித்தேன் என்று வளர்மதி சொல்வாள். வளர்மதி என் மனைவி, கவுண்டரில் பார்த்தீர்களே, அவள்தான். கடைக்கும் அவள் பெயர்தான். நான் அவசரப்படவில்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்.

அந்தச் சமயம் இந்தப் பெட்டி இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். ஒரு படத்தைத் திறந்தால் மணல் கடிகாரம் வந்து நிற்கும். முகத்தில் ஒரு பரு இருக்கிறது, அதை எடுக்க மவுசை ஒரு தடவை அழுத்தினால், பரு போவதற்குள் நான் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மெய்யாகவே குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஆல்பம் கேட்டு வருகிற பார்ட்டிகளிடம் "சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் என்னைக் கண்டாலே பிள்ளைகள் அதைச் சொல்லிச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

எட்வின் என்று ஒரு மெக்கானிக். நல்ல பையன்தான், அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வந்து மூடியைத் திறந்து பார்த்தான். ஒட்டடை அடித்தான்.

"அண்ணே, இது கம்ப்யூட்டர் இல்ல, குடோன்."

"வேகமா ஓடணும். அதைச் சொல்லு."

"ராம் ஒண்ணு கூடப் போடுங்க. இருக்கிறது பத்தாது."

"அது அப்புறம். செலவில்லாம என்ன செய்யலாம்?"

மூன்று விஷயம் சொன்னான். ஒன்று, தமிழ் எழுத்து வகைகள். கல்யாணம், காதுகுத்து, திறப்பு விழா என்று பார்க்கிறதையெல்லாம் ஏற்றி ஏற்றி என்னிடம் ஆயிரத்து எண்ணூறு வகை இருந்தது. போட்டோ சாஃப்ட்வேர் திறக்கும்போது அத்தனையையும் ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் திறக்குமாம். முப்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கினேன். இரண்டு, செய்த வேலையைத் திரும்பப் பின்னால் கொண்டுபோகிற வசதி. இருபது படி பின்னால் போகலாம் என்று இருந்தது, அதை நினைவில் வைத்துக்கொள்ளவே பாதி மூளை செலவாகிறது என்றான். ஐந்து ஆக்கினேன். என் கையில் பிசகு வராது, இருபது எதற்கு. மூன்று, இடம். சாஃப்ட்வேர் வேலை செய்யும்போது கணக்குப் போட்டுப் பார்க்க அதற்குக் காலி இடம் வேண்டும். நம் டிஸ்க்கில் காலி இடமே இல்லை, எல்லாம் கல்யாணம்.

"பழசை டிவிடியில எழுதிட்டு அழிச்சிருங்கண்ணே. எழுதினதை ஒருதடவை போட்டுப் பாத்துக்கங்க."

அவன் சொன்னது இதுதான். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

பூமிநாதன் கல்யாணம் 2009 செப்டம்பரில் நடந்தது. பெண் பெயர் சுகந்தி. வீடியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், படம் மட்டும்தான். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் கட்டட வேலை. கல்யாணம் முடிந்து முப்பத்தெட்டாவது நாள் புறப்பட்டுப் போய்விட்டான்.

நம் தொழிலில் செலக்‌ஷன் என்று ஒன்று இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். எல்லாப் படத்தையும் சின்னதாக்கி, குறுக்கே கடைப் பெயரைப் போட்டு ஒரு சிடி கொடுப்போம். பார்ட்டி அதைப் பார்த்து, ஆல்பத்துக்கு வேண்டிய நம்பர்களை எழுதித் தருவார்கள். பெயர் போடாமல் கொடுத்தால் வேறு கடையில் பிரிண்ட் போட்டுக்கொள்வார்கள். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் பெயரை ஓரத்தில் போடுவார்கள். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடலாமே? அதனால் நான் முகத்தின் மேலேயே போடுவேன். என் சொந்த யோசனை. ஏழெட்டு வருடத்தில் ஒருவன்கூட என் படத்தைத் திருடியதில்லை.

சுகந்தி செலக்‌ஷன் கொடுக்கவில்லை. ஒரு தடவை கடைக்கு வந்து, "அவர் லீவுல வந்ததும் சேந்து உக்காந்து பாத்து எழுதித் தர்றோம்ணே" என்றாள். சிடியை அவனே மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்விட்டானாம், அங்கே ரூமில் டிவியில் போட்டுப் பார்ப்பதற்கு. சரி, மெதுவாகக் கொடுங்கள் என்றேன். எனக்கும் அவசரமில்லை, சிஸ்டம் இருந்த இருப்பில்.

எட்வின் சொன்னபடி டிவிடி எழுதினேன், ஜூன் எட்டாம் தேதி. வழக்கமாக ஒரு கல்யாணம் எழுத இருபது நிமிடம் ஆகும். இது நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். எழுத்து வகைகளைத் தூக்கியதுமே சிஸ்டம் வேகம் எடுத்துவிட்டது என்று வளர்மதியிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ப் புரோட்டா சாப்பிட்டோம்.

மறுநாள் அழிக்கப் போகும்போது அவள் ஆர்டர் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பூமிநாதனுக்கு நேரா செலக்‌ஷன் வரலைன்னு இருக்கே."

"டிவிடியில இருக்கு."

"போட்டுப் பாத்தீங்களா?"

"எண்ணிப் பாத்தேன்."

"எண்ணிப் பாக்கிறதும் போட்டுப் பாக்கிறதும் ஒண்ணா?"

ஒன்றுதான் என்று நினைத்தேன். டிவிடியைப் போட்டு ஒரு படத்தைத் திறக்க வேண்டும் என்றால் அன்றைக்குப் பத்து நிமிடம் ஆகும், கரண்ட் போய்விடும். அதனால் எத்தனை படம் இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். 1,146 என்றது. டிஸ்க்கில் இருப்பதைக் கேட்டேன். அதுவும் 1,146. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன சரிபார்ப்பது? அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பிறகு எட்வின் சொன்னபடியே, சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒழுங்காக அடுக்கி வைக்கிற வேலையை ஓட விட்டேன். டீஃபிராக். கரண்ட் போகும்போதெல்லாம் நின்று நின்று இரண்டு நாள் ஓடியது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை.

கொஞ்சம் வேகம் வந்தது. பொய் சொல்லக் கூடாது. பரு எடுக்க அரை டீ நேரம்தான் ஆனது.

ஆகஸ்ட் இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பூமிநாதன் மஸ்கட்டில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான். இருபத்தொன்பது வயது. உடல் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை அவன் தம்பி கதிரேசன் கடைக்கு வந்தான். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான், ஏதோ வீட்டுக்குள் வருகிற மாதிரி.

"அண்ணே, படம் ஒண்ணு பெருசா வேணும். பேனருக்கும் வேணும்."

"பாஸ்போர்ட் படம் இருக்குமே தம்பி?"

"அம்மா அதை வேணாங்குது. அதுல அவன் பயந்துபோயி நிக்கிறான்னு சொல்லுது. கல்யாணத்துல அவங்க ரெண்டு பேரும் சிரிக்கிற மாதிரி பக்கத்துல எடுத்தீங்களே, அதைக் குடுங்க. சுகந்தியும் அதைத்தான் கேக்குது."

டிவிடியைப் போட்டேன். சிரிக்கிற படம் வந்தது. சின்னதாக வந்தது. இடது புருவத்தில் ஆரம்பித்து, மூக்கைத் தாண்டி, வலது தாடை வரைக்கும் கடைப் பெயர். நான் எழுதியது ஒரிஜினலை அல்ல, செலக்‌ஷன் ஃபோல்டரை. இரண்டுக்கும் பூமிநாதன் என்றுதான் பெயர் வைத்திருந்தேன். இரண்டிலும் 1,146.

கதிரேசன் எட்டிப் பார்த்தான்.

"ஏண்ணே, அண்ணன் மூஞ்சியில அண்ணி பேரு இருக்கு?"

அவன் அண்ணி என்றது வளர்மதியை. கவுண்டரில் இருந்தவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இது சாம்பிள் தம்பி. ஒரிஜினல் உள்ள இருக்கு. சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ. ரெண்டு நாள் குடு."

எட்வினைக் கூப்பிட்டேன். அழிந்ததை மீட்கிற ஏதோ ஒரு சாஃப்ட்வேரை ஓட விட்டுப் பார்த்தான். டீஃபிராக் போட்டிருக்கிறீர்கள், அந்த இடத்தில் எல்லாம் வேறு கல்யாணம் உட்கார்ந்துவிட்டது என்றான். பிறகு திரையைத் தொட்டுக் காட்டினான்.

"எண்ணிக்கைக்குக் கீழேயே அளவு போட்டிருக்கேண்ணே. ஒரிஜினல்னா மூணு ஜிபி இருக்கணும். இது வெறும் அறுபத்தெட்டு எம்பி. பாக்கலையா?"

"எண்ணிக்கை சரியா இருந்துச்சு."

"இருந்துச்சுதான்."

கேமரா கார்டில் அதற்குப் பிறகு பதினோரு கல்யாணம் எடுத்தாகிவிட்டது. வேறு வழி இல்லை. முகத்தில் இருக்கிற எழுத்தை எடுக்க வேண்டும். எழுத்தை எடுத்தால் அந்த இடத்தில் என்ன இருந்தது? அதுதான் தெரியாது. கன்னத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்து எழுத்தின் மேல் பூசுவது, கரண்ட் இருக்கும்வரை பூசுவது, கரண்ட் போனால் உட்கார்ந்திருப்பது. ஒரு பூச்சுக்கு நாற்பது விநாடி. ராம் மட்டும் இருந்திருந்தால் அந்த வேலையை ஒரே நாளில் முடித்திருப்பேன் தம்பி, அதை இன்றைக்கும் சொல்கிறேன். உதட்டுப் பக்கம் ஒரு இடத்தில் கை அதிகமாகப் போய்விட்டது. பின்னால் போகலாம் என்று பார்த்தால் ஐந்து படிக்கு மேல் போகவில்லை. கீழ் உதடு போனது போனதுதான்.

வியாழக்கிழமை கதிரேசன் வந்தபோது கேட்டேன்.

"தம்பி, இந்தக் கன்னத்துல அண்ணனுக்கு மரு, தழும்பு ஏதாச்சும் உண்டா?"

"மரு ஒண்ணு உண்டு." தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "இடதா வலதான்னு... இருங்க, வீட்டுல கேக்கறேன்."

செல்லை என்னிடமே கொடுத்தான். அந்தப் பக்கம் சுகந்தி. பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது, அவள் அழவில்லை.

"தங்கச்சி, பூமிக்கு வலது கன்னத்துல மரு உண்டாம்மா?"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"முப்பத்தெட்டு நாளுதாண்ணே இருந்தாரு," என்றாள். "நேருக்கு நேரா நான் சரியாப் பாக்கலையே. லீவுல வருவாருன்னு இருந்தேன்."

சரிம்மா என்று செல்லைக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கதிரேசன் அண்ணனை அப்படியே உரித்து வைத்தவன். ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"எதுக்குண்ணே?"

"வெளிச்சம் சரிபாக்க. கொஞ்சம் சிரி."

"எப்படிண்ணே சிரிக்கிறது?"

"லேசா. பல்லு தெரிய வேணாம்."

எடுத்தேன். அவன் புருவம், மூக்கின் ஒரு பக்கம், வலது கன்னம், கீழ் உதடு. எல்லாவற்றையும் வெட்டி அண்ணன் முகத்தில் எழுத்து இருந்த இடத்தில் வைத்து, நிறம் சேர்த்து, ஓரம் மழுக்கினேன். இரண்டு நாள் வேலை. முடித்தபோது நம் பக்கத்தில் அப்படி ஒரு வேலையை யாராலும் செய்திருக்க முடியாது. வளர்மதியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு இது?" என்று கேட்டாள்.

அவளுக்கு எப்போதும் பாராட்டத் தெரியாது.

உடல் ஆகஸ்ட் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. படம் அதற்கு முன்னாலேயே ரெடி. சுகந்தி பக்கத்தை வெட்டிவிட்டு அவனை மட்டும் பெரிதாகப் போட்டு ஃபிரேம் செய்து கொடுத்தேன். பேனரும் கொடுத்தேன். எழுத்து வகையில்தான் ஒரு சின்னக் குறை. நான் வைத்துக்கொண்ட முப்பதும் கல்யாணத்துக்கு உள்ளதாக அமைந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி என்பது கொடியும் பூவுமாக இருந்தது. அன்றைக்கு யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் படத்தை வைத்து மாலை போட்டார்கள். மாலை சரியாகக் கன்னத்தை ஒட்டி விழுந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் போயிருந்தேன். மரியாதையாக நாற்காலி போட்டார்கள். சொந்தக்கார அம்மா ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு, "அச்சு அசல் நம்ம கதிரேசன் மாதிரியே எடுத்திருக்காகளே" என்றாள். எனக்குத் தொழில் பெருமை, சும்மா இருக்க முடியவில்லை. எப்படிச் செய்தேன் என்று விளக்கினேன். புருவம் இங்கிருந்து, கன்னம் இங்கிருந்து என்று கதிரேசனையே பக்கத்தில் நிறுத்தி விரல் வைத்துக் காட்டினேன்.

அவனுடைய அம்மா பாக்கியம் சுவரோரம் படுத்துக் கிடந்தது. எழுந்து வந்தது.

"மாணிக்கம், இது யாரு கன்னம்?"

"ரெண்டு பேரும் உங்க பிள்ளைங்கதானேம்மா."

"ஒருத்தன் உசிரோட இருக்கான்யா."

நான் பதில் சொல்வதற்குள் படத்திலிருந்து மாலையைக் கழற்றிவிட்டது. நெற்றியில் வைத்த பொட்டை முந்தானையால் துடைத்தது. கதிரேசனைப் பார்த்து, "போயி தலைக்குத் தண்ணி ஊத்துடா" என்றது. அவன் அப்படியே நின்றான். "போடா. பதினாறு நாளா உனக்குல்லடா மாலை போட்டு ஒப்பாரி வச்சிருக்கேன்." அவன் போனான். கிணற்றடியில் வாளி சத்தம் கேட்டது. படத்தைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்துவிட்டார்கள். சாப்பிடாமல் வந்துவிட்டேன். அந்தப் படம் உள்ளே பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. உங்களுக்குக் காட்டலாம், ஆனால் வளர்மதி விட மாட்டாள்.

சுகந்தி அதற்குப் பிறகு வர ஆரம்பித்தாள். மாதம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமையில் வருவாள். அந்த பெஞ்சில்தான் உட்காருவாள். ஒரிஜினல் உள்ளேதான் இருக்கிறது, பெட்டிதான் திறக்க மாட்டேன் என்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அண்ணே, திறந்துச்சா?"

"இன்னும் இல்லம்மா. சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ."

"எல்லாப் படமும் உள்ளதானே இருக்கு?"

"எங்கம்மா போகப் போகுது."

ஒரு தடவை, பொங்கலுக்குப் பிறகு என்று நினைக்கிறேன், கரண்ட் போய் வரும்வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்.

"எழுத்தோடவே ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே. ரெண்டு பேரும் இருக்கிறது."

"எழுத்தோட எப்படிம்மா? நல்லா இருக்காது."

"பரவால்ல. எழுத்துக்கு இடையில தெரியிற வரைக்கும் அவருதானே."

கொடுத்திருக்கலாம் என்று நீங்களும் நினைக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வளர்மதி அன்றைக்கு என்னோடு பேசவே இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரிஜினல் உள்ளே இருக்கிறது என்று சொன்னவன், எழுத்தோடு இருப்பதைக் கொடுத்தால் என்ன அர்த்தம்? அதுவும் போக, ஒரு வீட்டில், செத்தவன் முகத்தில் நம் கடைப் பெயர் மாட்டியிருக்கும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்ப்பான். நாளைக்குக் கல்யாணத்துக்கு யார் நம்மைக் கூப்பிடுவார்கள்? "இரும்மா, நல்லதாவே தர்றேன்" என்றேன். சரிண்ணே என்று சொல்லிவிட்டுப் போனாள். கோபப்படத் தெரியாத பெண். கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

இதோ, திறந்துவிட்டது. பார்த்தீர்களா, நாலு நிமிடம்தான். பெட்டியில் குறை ஒன்றும் இல்லை தம்பி. ராம் ஒன்று போட்டால் ஓடும். வேலை செய்கிற பெட்டியை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டீர்கள். அடுத்த தடவை அவள் வந்து திறந்துச்சா என்று கேட்டால், பெட்டியே இல்லையம்மா, விற்றாகிவிட்டது என்று சொல்லலாம். அது பொய் இல்லையே. உங்கள் கடை எந்தத் தெரு என்று அவளிடம் சொல்ல மாட்டேன், அந்தத் தொந்தரவு உங்களுக்கு வராது. டிவிடி மட்டும் இங்கேயே இருக்கட்டும்.

போன வருடம் பூமிநாதனின் முதல் திதிக்கு வளர்மதி போயிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. திதி தள்ளி வந்தது, 2011 செப்டம்பர் பத்து, சனிக்கிழமை. சுவரில் ஒரு ஆணி அடித்திருந்ததாம். படம் வைக்காமல் விளக்கு மட்டும் ஏற்றித் திதி கொடுத்தார்கள்.